மெக்கார்ட்னியின் முதல் தனி ஆல்பம்: முடிக்காமலே வெளியிட்டாரா, இல்லை இவ்வளவுதான் என்று விட்டுவிட்டாரா?

சுருதி_சேராதவன்:

இரண்டு மாதமாக பீட்டில்ஸ் ஆல்பங்களை வந்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு வந்தேன், போன வாரம் தீர்ந்துபோனது. 'ஆபி ரோடு' இரண்டாம் பக்கத்தில் பாட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்திருப்பார்களே, அதை மட்டும் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். அந்தக் கோப்பில் பால் மெக்கார்ட்னியின் கை அதிகம் என்று படித்திருந்ததால், சரி, இந்த மனிதர் குழுவை விட்டு வந்து தனியாக என்ன செய்தார் பார்ப்போம் என்று 1970ல் வந்த 'மெக்கார்ட்னி'யைப் போட்டேன்.

முதல் பாட்டு 'த லவ்லி லிண்டா' 43 விநாடிதான். சூடுபிடிப்பதற்குள் ஒரு கதவு கிறீச்சிடுகிறது, ஒரு சிரிப்பு, முடிந்தது. அடுத்த பாட்டில் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டு வாயாலேயே தாளம் போடுகிறார். மொத்தம் 13 பாட்டு, அதில் ஐந்துக்கு வரிகளே கிடையாது. 'ஜங்க்' என்ற நல்ல பாட்டு ஒன்று முதல் பக்கத்தில் வருகிறது, இரண்டாம் பக்கத்தில் அதே மெட்டு வார்த்தை இல்லாமல் மறுபடியும் வருகிறது, ஆல்பத்துக்கு ஆள் போதவில்லை என்று அதே ஆளை வேஷம் மாற்றி அனுப்பியதுபோல. இப்படியே போய், கடைசிக்கு முந்தின பாட்டாக 'மேபி ஐம் அமேஸ்ட்' வருகிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு பாட்டு பீட்டில்ஸின் எந்த ஆல்பத்திலும் தலை நிமிர்ந்து நிற்கும்.

என் கேள்வி இதுதான். இப்படி ஒரு பாட்டைச் செய்யத் தெரிந்த ஆள், மீதியை ஏன் இப்படி விட்டார்? அவசரமா, கோபமா, பணத் தகராறா? இல்லை நான்தான் தப்பாகக் கேட்கிறேனா? எல்லா வாத்தியத்தையும் அவரே வாசித்து அவரே தயாரித்தது என்று தெரியும், அதற்காக மதிப்பெண் போட வேண்டுமா என்பதும் ஒரு கேள்வி.


பழைய_எல்பி:

தம்பி, நீங்கள் தப்பாகக் கேட்கவில்லை. 'ஆபி ரோடு' முடிந்த கையோடு கேட்டதுதான் சிக்கல். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து ஒருவர் வீட்டில் ராத்திரி பத்து மணிக்குத் தனக்காக வைத்த ரசத்தை ருசி பார்ப்பதுபோல.

1969 செப்டம்பரில், பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலகத்தில் ஒரு கூட்டம். அங்கேதான் ஜான் லெனன் தான் விலகுவதாகச் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் அவர்கள் இசைத்தட்டுகளை வெளியிட்ட கேபிடல் நிறுவனத்தோடு அப்போதுதான் புது ஒப்பந்தம் போட்டார்கள், செய்தி வெளியே போனால் கெட்டுவிடும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதாவது குழு இல்லை, ஆனால் இல்லை என்று சொல்லவும் முடியாது. மெக்கார்ட்னிக்கு அப்போது வயது 27. பதினைந்து வயதிலிருந்து ஜானோடு வாசித்தவர். மனைவி லிண்டாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்தில் கிண்டையர் பக்கம் இருந்த தன் பண்ணைக்குப் போய்விட்டார். எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்ததையும், அளவில்லாமல் குடித்ததையும் பிற்பாடு அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே சமயத்தில்தான் அவர் செத்துப்போய்விட்டார், இப்போது இருப்பது வேறு ஆள் என்று அமெரிக்காவில் ஒரு வதந்தி வேறு ஓடிக்கொண்டிருந்தது!

டிசம்பர் வாக்கில் லண்டனுக்குத் திரும்பி வந்தார். செயின்ட் ஜான்ஸ் வுட்டில் கேவென்டிஷ் அவென்யூவில் வீடு, ஆபி ரோடு ஸ்டூடியோவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் போகவில்லை. தன் இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐயிலிருந்து ஒரு ஸ்டூடர் நாலு ட்ராக் டேப் மெஷினை வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பதிவு செய்ததுதான் நீங்கள் திட்டுகிற அந்த 43 விநாடி. முதல் ட்ராக்கில் பாட்டும் கிட்டாரும், இரண்டாவதில் இன்னொரு கிட்டார், அடுத்ததில் ஒரு புத்தகத்தின்மேல் கையால் தட்டின தாளம், கடைசியில் பேஸ் கித்தார். கதவு கிறீச்சிடுவது லிண்டா அறைக்குள் வந்த சத்தம். மெஷின் சோதனையை ஆல்பத்தின் முதல் பாட்டாக வைத்தவர் இது என்ன மாதிரி ஆல்பம் என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

பாட்டுகளில் பாதி பழைய பெட்டியிலிருந்து எடுத்தவை. 'ஜங்க்' 1968ல் ரிஷிகேசத்தில், மகரிஷியின் ஆசிரமத்தில் இருந்தபோது எழுதியது. 'டெடி பாய்' கூட அந்தக் காலத்ததுதான், அதை 1969 ஜனவரியில் குழுவோடு வாசித்தும் பார்த்தார்கள், ஜானுக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தப் பதிவைக் கேட்டாலே தெரியும். 'ஹாட் ஆஸ் சன்' இன்னும் பழசு, பீட்டில்ஸ் என்ற பெயரே இல்லாத 1950களின் கடைசியில் போட்ட மெட்டு. புதிதாக எழுத உட்கார்ந்தவர் செய்கிற வேலை இல்லை இது. வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்போமே, அது.


வம்புக்கு_வந்தவன்:

ரசம், பரண் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து எல்பி வாங்கினவனுக்கு ரசத்தைக் கல்யாணச் சாப்பாட்டு விலைக்குத்தானே விற்றார்கள்?

நான் இந்த ஆல்பத்தை முப்பது வருஷமாகக் கேட்கிறேன், எனக்கு இன்னும் கோபம்தான். உலகத்தின் எந்த ஸ்டூடியோவும், எந்த வாத்தியக்காரரும் கூப்பிட்டால் ஓடி வரக்கூடிய நிலையில் இருந்த ஒருவர், "வீட்டில் சும்மா பண்ணினேன்" என்று கொடுப்பதில் ஒரு அலட்சியம் இருக்கிறது. 'மேபி ஐம் அமேஸ்ட்' இருப்பதே அதற்குச் சாட்சி. அதை வீட்டில் செய்யவில்லை, ஆபி ரோட்டுக்குப் போய் 1970 பிப்ரவரி 22 அன்று ஒழுங்காகப் பதிவு செய்தார். எது நல்ல பாட்டு என்று அவருக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள். அப்படித் தெரிந்தும் அதைச் சிங்கிளாக வெளியிடவில்லை. 1977ல், பிறகு அவர் தொடங்கிய விங்ஸ் குழுவின் மேடைப் பதிவு சிங்கிளாக வந்தபோதுதான் அமெரிக்காவில் பத்தாம் இடம் வரை ஏறியது. ஏழு வருஷம் கிடப்பில்!

அப்புறம் அந்த வெளியீட்டுக் கூத்து. பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்பிய பிரதிகளோடு கேள்வியும் பதிலுமாக ஒரு தாள் வைத்தார். லெனனோடு சேர்ந்து மறுபடி எழுதுவீர்களா? இல்லை. பீட்டில்ஸ் டிரம்ஸ்காரர் ரிங்கோவை இந்தப் பதிவில் எங்கேயாவது தேடினீர்களா? இல்லை. ஏப்ரல் 10ஆம் தேதி லண்டன் பேப்பரில் பால் விலகுகிறார் என்று முதல் பக்கம். ஒரே வாரத்தில், ஏப்ரல் 17, ஆல்பம் கடையில். இதற்கு மேல் விளம்பரம் யார் செய்ய முடியும்? குழுவை உடைத்தவரும் அவரே, உடைத்த சத்தத்தில் சரக்கு விற்றவரும் அவரே. அமெரிக்காவில் மூன்று வாரம் முதல் இடம். ஆல்பத்தின் தரத்துக்குக் கிடைத்த இடமா அது?

பாவம் ரிங்கோ. வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கடிதம் கொண்டுபோன மனிதரை வீட்டைவிட்டு வெளியே போ என்று கத்தி விரட்டியிருக்கிறார்.


ராத்திரி_மிக்ஸ்:

உடைத்தது யார் என்ற வழக்கை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவர் பாட்டு ஏன் இப்படி ஒலிக்கிறது என்றும் கேட்டார், அதைப் பற்றிப் பேச இங்கே யாரும் வரவில்லை. நான் படுக்கையறையில் ஒரு மைக்கும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்கிற ஆள், வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகுதான் வேலையே, அதனால் இந்த ஆல்பத்தின்மேல் எனக்குத் தனிப் பாசம்.

அந்த மெஷின் வீட்டுக்கு வந்தபோது கூட மிக்சிங் போர்டு கிடையாது. சத்தத்தின் அளவைக் காட்டுகிற மீட்டரும் கிடையாது. மைக்கை நேரே மெஷினின் முதுகில் சொருகிவிட்டு வாசிக்க வேண்டியதுதான். மீட்டர் இல்லாமல் பதிவு செய்வது எப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். எவ்வளவு சத்தம் உள்ளே போகிறது என்று முள் காட்டாது. வாசி, திருப்பிப் போட்டுக் கேள், சத்தம் கரகரவென்று உடைகிறதா, மைக்கை இரண்டடி தள்ளி வை, மறுபடி வாசி. டிரம்ஸ் செட்டின் ஹை-ஹாட் தட்டுச் சத்தம் அதிகமாகக் கேட்டால் போர்டில் குறைக்க முடியாது, மைக்கைத்தான் நகர்த்த வேண்டும். ஒரு முழு டிரம்ஸ் செட்டுக்கு ஒரே மைக். அதனால்தான் டிரம்ஸ் உங்கள் காதருகில் இல்லாமல் ஒரு அறையின் அந்த மூலையிலிருந்து வருவதுபோலக் கேட்கிறது. 'தட் வுட் பி சம்திங்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். அந்த அறையின் அளவையே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

நாலு ட்ராக் என்றால் நாலே நாலு தடவைதான். முதலில் ஒன்றை வாசிக்க வேண்டும், அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இரண்டாவதை, இரண்டையும் கேட்டுக்கொண்டு மூன்றாவதை. குழுவாக வாசிக்கும்போது டிரம்ஸ்காரர் கொஞ்சம் இழுத்தால் பேஸ்காரரும் கூடவே இழுப்பார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இங்கே முதலில் வாசித்த ஆள் ஏற்கெனவே போய்விட்டார், அவர் செய்த தப்பை அடுத்து வருகிற மூன்று பேரும் சுமக்க வேண்டும், மூன்று பேரும் அதே ஆள்தான்! இந்த ஆல்பத்தின் தாளம் சில இடங்களில் தள்ளாடுவதற்குக் காரணம் அவருக்கு டிரம்ஸ் வராதது இல்லை. 1968ல் ரிங்கோ கோபித்துக்கொண்டு சில நாள் போனபோது 'பேக் இன் த யுஎஸ்எஸ்ஆர்' பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் இவர், 1969ல் ஜானும் இவரும் மட்டும் சேர்ந்து செய்த சிங்கிளிலும் டிரம்ஸ் இவர்தான்.

வம்பு அண்ணா "சும்மா பண்ணினேன்" என்கிறாரே, இந்த ஆல்பத்தில் சும்மா நடந்தவைதான் எனக்குப் பொக்கிஷம். 'மாமா மிஸ் அமெரிக்கா' உண்மையில் இரண்டு தனித்தனிப் பதிவுகள், தற்செயலாக ஒன்றன் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடியதால் ஒரே பாட்டாகவே விட்டுவிட்டார். ஆரம்பத்தில் ஒரு குரல் வேறு பெயரைச் சொல்லி முதல் டேக் என்று அறிவிக்கும், அதையும் வெட்டவில்லை. 'ஊ யூ' முதலில் வெறும் வாத்திய இசை, ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்டூடியோவுக்குக் கிளம்புவதற்கு முன் வரிகளை எழுதிச் சேர்த்திருக்கிறார். கடைசிப் பாட்டு 'க்ரீன்-அக்ரோர்' எப்படி வந்தது தெரியுமா? பிரேசில் காட்டில் வாழ்கிற பழங்குடி மக்களைப் பற்றி டிவியில் ஒரு படம் பார்த்தார், மறுநாள் போய் டிரம்ஸ் வாசித்தார், அவ்வளவுதான். ஸ்டூடியோவுக்குள் வில்லும் அம்பும் கொண்டுபோய் எய்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார்கள், வில்லே உடைந்துபோனது. உள்ளேயே நெருப்பு மூட்டிப் பார்த்தார்கள், அந்தச் சத்தம் உதவவில்லை, ஆனால் சுள்ளி முறிகிற சத்தத்தை வைத்துக்கொண்டார்கள். பாட்டாக அது சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். நான் கூடப் பாதியில் தள்ளிவிடுவேன்.

ஒரு சின்னத் திருத்தம்: எல்லாமே வீட்டில் நடக்கவில்லை. நாலு ட்ராக் டேப்புகளை வில்ஸ்டனில் இருந்த மார்கன் ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு போய் எட்டு ட்ராக்குக்கு மாற்றினார், அங்கேயும் சில பாட்டுகள் பதிவாயின. பிறகு ஆபி ரோடு. இரண்டுக்கும் பில்லி மார்ட்டின் என்ற பொய்ப் பெயரில் முன்பதிவு. தன் கம்பெனி ஸ்டூடியோவுக்கே ஒருவர் ஒளிந்து ஒளிந்து போக வேண்டியிருந்தது.


பழைய_எல்பி:

ராத்திரி_மிக்ஸ், அருமை. முதல் பாட்டில் புத்தகத்தைத் தட்டுவதை ஐம்பது வருஷமாகக் கேட்கிறேன், அறையின் அளவைக் கேட்கலாம் என்று யாரும் சொன்னதில்லை.

வம்புக்கு வந்தவரே, உடைத்தவர் இவர் என்று மட்டும் சொல்லாதீர்கள். 1968ல் ரிங்கோ போனார், திரும்பினார். 1969 ஜனவரியில் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் போனார், திரும்பினார். செப்டம்பரில் ஜான் போனார், திரும்பவில்லை. கடைசியாகக் கிளம்பியவர் முதலில் வாயைத் திறந்தார், பழி அவர்மேல் விழுந்தது. ஜானுக்கே பிற்பாடு இருந்த கடுப்பு, தான் சொல்லாமல் அடக்கிவைத்த செய்தியை இவர் சொல்லிவிட்டாரே என்பதுதான். அந்தக் கேள்வி பதில் தாளில்கூடக் குழு கலைந்துவிட்டது என்று எந்த இடத்திலும் எழுதவில்லை. பிரிவு தற்காலிகமா நிரந்தரமா என்ற கேள்விக்குத் தெரியாது என்றுதான் பதில். சொந்த விஷயத்தில், தொழிலில், இசையில் வேறுபாடு, எல்லாவற்றுக்கும் மேலே குடும்பத்தோடு இருப்பது சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதினார். பேப்பர்காரர்கள் மிச்சத்தை எழுதிக்கொண்டார்கள்.

ரிங்கோ விஷயம் உண்மை, அசிங்கமும்கூட. ஆனால் கடிதத்தில் என்ன இருந்தது என்பதையும் சொல்லுங்கள். பீட்டில்ஸின் 'லெட் இட் பி' ஆல்பம் முதலில் வரட்டும், உன் ஆல்பத்தை ஜூன் 4க்குத் தள்ளிவைக்கும்படி இஎம்ஐக்குச் சொல்லிவிட்டோம் என்பது. இவரிடம் கேட்காமலே. அதை அலுவலகப் பையன் மூலம் அனுப்ப மனமில்லாமல் ரிங்கோ தானே எடுத்துப் போனார், அடி அவருக்கு விழுந்தது. திரும்பிப் போய், அவன் கேட்கிற தேதியையே கொடுத்துவிடலாம் என்று மற்ற இருவரிடமும் சொன்னவரும் அதே ரிங்கோதான். அந்த ஆள் தங்கம். 'லெட் இட் பி' மே 8ஆம் தேதிக்குப் போனது.

இன்னொன்று. அதே ஏப்ரல் முதல் தேதி, தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அந்த 'லெட் இட் பி' ஆல்பத்தில் உள்ள 'த லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பாட்டின் மேல் வயலின் கூட்டத்தையும் பெண்கள் கோரஸையும் ஏற்றினார், எழுதிப் பாடிய மனிதரைக் கேட்காமல். ஒரு பக்கம் தன் பாட்டைக் கேட்காமலே அலங்கரிக்கிறார்கள், இன்னொரு பக்கம் தன் கையில் அலங்காரமே இல்லாத ஒரு டேப். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த வெறுமையை அவர் ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றினார் என்று எனக்குப் புரிகிறது.


வம்புக்கு_வந்தவன்:

ஸ்பெக்டர் வேலை ஏப்ரலில், இந்த ஆல்பம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்தக் கோபத்தில் இதை வெறுமையாகச் செய்தார் என்று கதை கட்ட முடியாது, எல்பி சார்.


பழைய_எல்பி:

அது சரி. வாபஸ். காப்பாற்றினார் என்று சொன்னது தப்பு, வரிசை இடிக்கிறது.


நித்தியமல்லி:

நாலு ஆண்களும் நாலு ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அந்த ஆல்பத்தில் இன்னொரு ஆள் இருக்கிறார்.

எல்லாம் தனியாகச் செய்தார் என்பது முழுக்கச் சரியில்லை. பின்குரல்களில் லிண்டா இருக்கிறார், 'மேன் வி வாஸ் லோன்லி' பாட்டில் அவர் குரல் நன்றாகவே தெரியும். பயிற்சி பெற்ற குரல் இல்லை, கொஞ்சம் தட்டையாக, பக்கத்து வீட்டு அக்கா பாடுவதுபோல இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். ஜான், ஜார்ஜ் இவர்களோடு மூன்று குரலில் அச்சுப் பிசகாமல் பாடிவந்த ஒருவர், அந்த இரண்டு குரலும் போன இடத்தில் யாரை நிறுத்துவார்? ஸ்டூடியோப் பாடகிகளைக் கூப்பிட்டிருக்கலாம். வீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டார்.

அட்டைப் படங்களும் லிண்டா எடுத்தவை. அவர் கல்யாணத்துக்கு முன்பே ராக் இசைக்காரர்களைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர். முன் அட்டையில் ஒரு கிண்ணமும் சுற்றிலும் சிதறின செர்ரிப் பழங்களும், பின் அட்டையில் அப்பாவின் கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற கைக்குழந்தை மேரி. 1969 ஆகஸ்டில் பிறந்தவள், படத்தில் சில மாதக் குழந்தை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு டேப் மெஷினை வைத்துக்கொண்டு பதிவு செய்திருக்கிறார் என்று யோசித்தால் பாட்டுகள் ஏன் இவ்வளவு குட்டி குட்டியாக, பாதியில் எழுந்து போனதுபோல இருக்கின்றன என்பதற்கு என்னிடம் வேறு ஒரு விளக்கம் இருக்கிறது! எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

'மேபி ஐம் அமேஸ்ட்' பற்றி ஒன்று. அதைக் காதல் பாட்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான், ஆனால் பாடுகிறவர் பயந்துபோயிருக்கிறார். தனக்கு இந்தப் பெண் எவ்வளவு தேவை என்பதைப் பார்த்துத் தானே திடுக்கிட்ட ஒருவர். உச்சத்தில் குரல் கிழிகிற இடத்தைக் கேளுங்கள். பண்ணையில் படுத்துக் கிடந்த ஆளை எழுப்பி உட்கார வைத்தவருக்கு எழுதினது என்று தெரிந்த பிறகு கேட்டால் வேறு மாதிரி இருக்கும். சுற்றிலும் இருக்கிற அந்தக் குட்டிப் பாட்டுகள் எழுந்து உட்கார்ந்த பிறகு ஒருவர் வீட்டில் செய்கிற சில்லறை வேலைகள் மாதிரி. அதனால் எனக்கு அந்த ஒரு பாட்டை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்கப் பிடிப்பதில்லை.


வம்புக்கு_வந்தவன்:

மல்லி சொல்வதில் கடைசிப் பத்திக்கு மட்டும் தலையாட்டுகிறேன். ஆனால் சில்லறை வேலையைச் செய்துவிட்டுப் போகட்டும், அதை ஏன் உலகத்துக்கு விற்க வேண்டும் என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. லெனனே இந்த ஆல்பத்தைக் குப்பை என்ற ரீதியில்தான் பேசினார். பிரிட்டனில் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை, சைமனும் கார்ஃபங்கலும் மேலே உட்கார்ந்திருந்தார்கள்.


ராத்திரி_மிக்ஸ்:

வெளியிட்டதால்தானே நாம் கேட்கிறோம் அண்ணா. ஒரு ராக் நட்சத்திரம் வீட்டில் தனியாக உட்கார்ந்து எல்லா வாத்தியமும் வாசித்து, மூச்சுச் சத்தத்தோடும் கதவுச் சத்தத்தோடும் வெளியிடலாம் என்பது 1970ல் சாதாரணம் இல்லை. 1994ல் டேவ் க்ரோல், தான் டிரம்ஸ் வாசித்த நிர்வாணா குழு முடிந்துபோன சோகத்தில் சியாட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குள் போய் ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே வாசித்து ஒரே வாரத்தில் ஃபூ ஃபைட்டர்ஸ் முதல் ஆல்பத்தை முடித்தார், அதை யாரும் அலட்சியம் என்று சொல்வதில்லை.

மெக்கார்ட்னியே இதைத் திரும்பவும் செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1979ல், விங்ஸ் குழுவின் கடைசிக் காலத்தில், ஒரு 16 ட்ராக் ஸ்டூடரை வாடகைக்கு எடுத்து, போர்டு இல்லாமல் மைக்கை மறுபடியும் நேரே முதுகில் சொருகி, 'மெக்கார்ட்னி 2' செய்தார். அடுத்து 2020ல் ஊரடங்கு, வயது 78, மூன்றாவது. முதல் தடவை வேறு வழியில்லாமல் செய்தார் என்று வைத்துக்கொண்டால்கூட மற்ற இரண்டுக்கும் அந்தச் சாக்கு கிடையாது. அந்த மனிதருக்கு இப்படி வேலை செய்வது பிடிக்கும். அவ்வளவுதான்.


சுருதி_சேராதவன்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று ராத்திரி மறுபடி கேட்டேன், இந்தத் தடவை ஹெட்போனில், அதுவும் இரண்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்து. 'மாமா மிஸ் அமெரிக்கா' நடுவில் அந்த ஒட்டு விழுகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், முன்னால் கேட்டபோது அது வேண்டுமென்றே செய்த திருப்பம் என்று நினைத்திருந்தேன். தெரிந்த பிறகும் நன்றாகத்தான் இருக்கிறது. 'ஜங்க்' வார்த்தை இல்லாத வடிவத்தைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன், வார்த்தை உள்ளதைவிட அதைத்தான் மூன்று தடவை கேட்டேன்.

முதல் பாட்டுக்கு வந்தபோது ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டேன், கதவு கிறீச்சிட்டதும் என் மனைவி உள்ளேயிருந்து "யாரு வந்திருக்கா?" என்றாள். 'க்ரீன்-அக்ரோர்' மட்டும் இன்னும் தாங்கவில்லை, வில் அம்புக் கதை தெரிந்தும்.

மதிப்பெண் பற்றிக் கேட்டிருந்தேனே, அதில் நான் இன்னும் வம்புக்கு_வந்தவன் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறேன். 'எவ்ரி நைட்', 'ஜங்க்', 'மேபி ஐம் அமேஸ்ட்', இப்படி ஒரு ஐந்து பாட்டு நிற்கும். மீதி எனக்கு அவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி, பார்க்கப் பிடித்திருக்கிறது, ஆனால் பாட்டு என்று சொல்லமாட்டேன். அடுத்து வந்த அவருடைய ஆல்பம் 'ரேம்' கேட்கலாமா?


பழைய_எல்பி:

கட்டாயம். 1971 மே, லிண்டாவின் பெயரும் சேர்ந்து அட்டையில் இருக்கும். நியூயார்க்குக்குப் போய், டெனி சைவெல் உட்பட நல்ல வாத்தியக்காரர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்தது, அந்த சைவெல்தான் பிறகு விங்ஸில் டிரம்ஸ். நீங்கள் இதில் தேடின அந்தக் கோப்பு வேலை எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கேயே ஆரம்பித்தால் வம்புக்கு_வந்தவன் வந்துவிடுவார்.


வம்புக்கு_வந்தவன்:

வந்துவிட்டேன். 'ரேம்' விஷயத்தில் ஒரு வம்பும் இல்லை, அது பிரமாதம். இழையைத் திறங்கள்.